பதினாறு காசுப் படம்

டோக்கியோவில் கண்டா ஜிம்போச்சோ என்று ஒரு பகுதி. பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கும். மகளுக்கு அந்த ஊரில் வேலை என்பதால் ஒரு மாதம் போய்த் தங்கியிருந்தேன். அங்கே ஒரு கடையின் மாடியில், அகலமான மர இழுப்பறையைத் திறந்து கடைக்காரர் ஒரு படத்தை எடுத்து வைத்தார். நாடக நடிகர் ஒருவரின் மார்பளவுப் படம். கறுப்பு அங்கி, முறைத்த கண், இறுகிய வாய். நடுவில் ஒரு மடிப்பு, மேல் மூலையில் பூச்சி அரித்த இரண்டு துளைகள். அந்தக் குறைகளால்தான் என் கைக்கு எட்டுகிற விலை.

எனக்குப் படத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சிவகாசியில் காலண்டர் அச்சகங்களில் இருபத்தாறு வருடம் மெஷின் ஓட்டியவன் நான். அச்சடித்த தாள் எது கிடைத்தாலும் கை தானாகத் திருப்பும்.

"அப்பா, கேட்டுட்டுத் தொடுங்க" என்றாள் மகள். அவளே ஜப்பானிய மொழியில் கேட்டாள். கடைக்காரர் இரண்டு கையாலும் தாளை ஏந்தி, மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

பின்பக்கம் முழுக்க வட்ட வட்டமாகத் தேய்ப்புத் தடம். முன்பக்கத்துக் கறுப்பு தாளுக்குள் இறங்கி இந்தப் பக்கம் வரை வந்திருந்தது. எந்த மெஷினும் இப்படித் தடம் விடாது. "பாரென்" என்றார் கடைக்காரர், உள்ளங்கையை வட்டமாகச் சுழற்றிக் காட்டியபடி.

பாரென்தான் இந்த அச்சுக்கு மெஷின். மூங்கில் குருத்தைப் பொதிந்திருக்கும் பாளையை நாராகக் கிழித்து, மெல்லிய கயிறாக முறுக்கி, அந்தக் கயிற்றை வட்டத் தட்டாகச் சுருட்டுவார்கள். அதற்கு முதுகாக, தாளை அடுக்கடுக்காக ஒட்டி அரக்குப் பூசிய ஒரு தட்டு. இரண்டையும் சேர்த்து இன்னொரு மூங்கில் பாளையால் இழுத்துப் போர்த்தி முடிச்சுப் போட்டால், முடிச்சே கைப்பிடி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பலகையில் வண்ணத்தைத் தடவி, ஈரப்பதமான தாளை மேலே விரித்து, உடம்பின் பாரம் முழுவதையும் தோள் வழியாகக் கைக்கு இறக்கித் தேய்க்க வேண்டும். ஆஃப்செட் மை தாளின் மேல் உட்காரும். இந்த வண்ணம் நாருக்குள் போய்விடும். அதனால்தான் நூற்றெழுபது வருடம் கழித்தும் அந்தக் கறுப்பு உதிரவில்லை.

கடைக்காரர் படத்தின் ஓரத்தில் இருந்த சின்ன முத்திரையைக் காட்டினார். மகள் மொழிபெயர்த்தாள்: "புலி வருஷம், ஒன்பதாம் மாசம்னு இருக்காம்பா. அப்படின்னா 1854." அமெரிக்கப் போர்க்கப்பல்கள் இரண்டாம் முறையாக வந்து, ஜப்பானின் துறைமுகங்களைத் திறக்க வைத்த ஒப்பந்தம் எழுதிய வருடம். அந்த வருடத்தில் எடோ நகரத்தில் ஒருவர் தன் அபிமான நடிகரின் இந்தப் படத்தை வாங்கியிருக்கிறார், ஏறக்குறைய ஒரு கிண்ணம் சோபா விலைக்கு. சோபா என்பது தெருவோரத்தில் விற்கும் ஒருவகை நூடுல்ஸ். ஒரு கிண்ணம் பதினாறு மோன். மோன் என்றால் நடுவில் சதுர ஓட்டை போட்ட காசு.

இந்தப் படங்களுக்கு உகியோ-எ என்று பெயர். எ என்றால் படம், உகியோ என்றால் மிதக்கும் உலகம். இதே ஓசையில் துயரம் நிறைந்த உலகம் என்று பொருள்படும் சொல் ஒன்று பௌத்தர்களிடம் முன்பே இருந்தது. எடோ மக்கள் எழுத்தை மாற்றி, நாடகமும் கேளிக்கையும் புதுத் துணியும் ஊர் சுற்றலுமாக இன்றைய பொழுதை அனுபவிக்கும் உலகத்துக்கு அதைப் பெயராக்கிக்கொண்டார்கள். எடோதான் இன்றைய டோக்கியோ. தொகுகாவா வம்சத்து ஷோகன்கள் 1603 முதல் 1868 வரை அங்கிருந்து ஆண்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் அங்கே ஏறத்தாழ பத்து லட்சம் பேர் வாழ்ந்தார்கள். நாட்டின் பிரபுக்களில் பெரும்பாலோர் ஒரு வருடம் சொந்த ஊரிலும் ஒரு வருடம் எடோவிலுமாக இருந்தாக வேண்டும் என்பது ஷோகன் போட்ட சட்டம். ஒவ்வொரு பிரபுவோடும் நூற்றுக்கணக்கான ஆட்கள் வந்து, பிறகு ஊர் திரும்புவார்கள். திரும்பும்போது வீட்டுக்கு என்ன வாங்கிப் போவது? சுருட்டி மூட்டையில் செருகினால் எடையே தெரியாத வண்ணப் படம். எடோ படங்கள் நாடெங்கும் போய்ச் சேர்ந்தது இவர்கள் முதுகில்தான்.

படத்தில் ஓவியர் பெயர் பெரிதாக இருக்கும். நாமும் ஹொகுசாய் படம், ஹிரோஷிகே படம் என்றுதான் சொல்கிறோம். அச்சுத் தொழிலில் இருந்தவனுக்கு இது மனதை உறுத்தும். அந்தப் படத்துக்குப் பின்னால் நான்கு பேர் இருக்கிறார்கள்: முதல் போடும் பதிப்பாளர், வரைபவர், பலகையைச் செதுக்குபவர், அச்சடிப்பவர். எந்த நடிகரை, எந்த ஊரை வரைய வேண்டும், எத்தனை வண்ணம், எத்தனை தாள் என்பதைப் பெரும்பாலும் பதிப்பாளர்தான் தீர்மானித்தார். பலகையும் அவருடையது. விற்காவிட்டால் நட்டமும் அவருடையது. முதல் தடவை இருநூறு தாள் அடித்துப் பார்ப்பது வழக்கம் என்று சொல்வார்கள். ஓடினால் ஆயிரக்கணக்கில் அடிப்பார்கள். ஓடாவிட்டால் பலகையை இழைத்து அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்வார்கள். ஒரே பலகையின் இரண்டு பக்கத்திலும் செதுக்குவது சாதாரணம்.

ட்சுதாயா ஜூசாபுரோ என்ற பதிப்பாளர் யோஷிவாராவில் பிறந்தவர். அது அரசாங்க அனுமதியோடு நடந்த பரத்தையர் பேட்டை. அந்த வட்டாரத்துக்கான வழிகாட்டிப் புத்தகங்களைப் போட்டுத் தொழிலில் காலூன்றினார். உதாமரோ என்ற ஓவியரை வளர்த்தவர் அவர். 1794இல் ஷராகு என்று யாருக்கும் தெரியாத ஒரு பெயரில், நடிகர்களின் பெரிய தலைப் படங்கள் இருபத்தெட்டைக் காக்காப்பொன் தூவிய கருநிறப் பின்னணியில் ஒரே தடவையில் வெளியிட்டார். ஷராகு பத்து மாதம் வரைந்தார், பிறகு காணாமல் போனார். யார் அவர் என்பதில் இன்றும் வாதம் ஓயவில்லை. ஆனால் முகம் தெரியாத ஒருவருக்கு அத்தனை பலகையும் காக்காப்பொன்னும் செலவழிக்க ட்சுதாயாவுக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது? அதற்கு மூன்று வருடம் முன்புதான், அவர் வெளியிட்ட சில புத்தகங்களுக்காக அரசாங்கம் அவர் சொத்தில் பாதியைப் பறித்திருந்தது. என் மதிப்பில் ஓவியர்களுக்குச் சமமாக வைக்க வேண்டிய மனிதர் அவர்.

செதுக்குபவர் வேலைக்கு வருகிறேன். ஓவியர் மெல்லிய தாளில் கறுப்புக் கோட்டில் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளை மலைச் செர்ரி மரப் பலகையில் குப்புற ஒட்டுவார். கோடு தெளிவாகத் தெரிவதற்காக எண்ணெய் தடவுவார். பிறகு கோட்டின் இரு பக்கமும் கத்தியால் கீறி, மீதி மரத்தை உளியாலும் கொட்டாப்புளியாலும் எடுத்துவிடுவார். கோடு மட்டும் மேடாக நிற்கும். ஓவியர் கையால் வரைந்த அந்தத் தாள் சிதைந்து போய்விடும். நாம் பார்ப்பதெல்லாம் செதுக்கியவர் கை நிறுத்திய கோடு. செர்ரி மரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதன் அடர்த்தியான, சீரான இழை. அதில் மயிரிழை நிற்கும், ஆயிரம் முறை தேய்த்தாலும் சட்டென்று முறியாது.

கடைக்காரரின் உருப்பெருக்கியை வாங்கி நடிகரின் நெற்றியோரம் வைத்துப் பார்த்தேன். நெற்றி முடியும் இடத்தில் தலைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தோலிலிருந்து புறப்படுகிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு மூன்று கோடு. எல்லாம் மேடாக நின்ற மரம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். பட்டறையில் தலையும் முகமும் செதுக்குவது மூத்த ஆசாரி மட்டும். துணியும் பின்னணியும் இளையவர்களுக்கு. ஹொகுசாய் பையனாக இருந்தபோது செதுக்கும் பட்டறையில் பயிற்சி பெற்றவர். அதனால்தான் முதுமையில் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், தன் மனிதர்களின் மூக்கையும் கண்ணையும் வேறு பாணியில் மாற்றிச் செதுக்கிவிடுகிறார்கள் என்று வருந்தி, எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்தே காட்டி, எகாவா தொமெகிச்சி என்ற செதுக்குநரிடம் வேலையைக் கொடுக்கும்படி கேட்டார். தன் கோடு யார் கையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கறுப்புக் கோட்டுப் பலகை தயாரானதும் சில படி எடுப்பார்கள். அதில் ஓவியர் எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று குறித்துத் தருவார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகைப் பக்கம். பத்து நிறம் என்றால் அதே தாள் குறைந்தது பத்து முறை பலகை மேல் படுக்க வேண்டும். கையால் வைத்துக் கையால் எடுக்கும் தாள் எப்படி ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உட்காரும்? ரெஜிஸ்டர் விலகலோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவனுக்கு இதுதான் பெரிய கேள்வி. விடை, கென்தோ. ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் இரண்டு சின்ன வெட்டு இருக்கும். மூலையில் ஒன்று, தாளின் முனை பொருந்த. அதே பக்கத்தில் சற்றுத் தள்ளி நேர்கோடாக இன்னொன்று, தாளின் விளிம்பு பொருந்த. அவ்வளவுதான். அந்த இரண்டு வெட்டையும் நம்பித்தான் மொத்த வண்ண அச்சும் நடந்தது. ஈரம் கூடினால் தாள் விரியும், குறைந்தால் சுருங்கும். அதனால் தாளை முதல் நாளே நனைத்து அடுக்கி வைத்து, அச்சு முடியும்வரை ஒரே பதத்தில் காப்பாற்ற வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் அச்சகத்தில் ஆர்ட் பேப்பர் கட்டைப் பிரிக்கவே யோசிப்போம். அவர்கள் ஈரத்தையே கருவியாக்கிக்கொண்டார்கள்.

தாளும் அதற்குத் தகுந்த தாள். முசுக்கட்டைக்கு உறவான கோசோ மரத்தின் பட்டை நாரில் செய்தது. நார் நீளமாக இருப்பதால் இத்தனை தேய்ப்புக்கும் கிழியாது. வண்ணம் பரவாமலிருக்க வச்சிரமும் படிகாரமும் கரைத்துப் பூசுவார்கள். வண்ணத்தோடு கொஞ்சம் அரிசிப் பசை சேரும்.

பல வண்ண அச்சு 1765இல் பிறந்தது ஒரு காலண்டரால் என்று தெரிந்தபோது சிவகாசிக்காரனான எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றைய ஜப்பானில் சந்திரக் கணக்கு. முப்பது நாள் மாதம் எது, இருபத்தொன்பது நாள் மாதம் எது என்பது வருடத்துக்கு வருடம் மாறும். வியாபாரிகள் கடன் தீர்ப்பது மாதக் கடைசியில் என்பதால் எல்லோருக்கும் அது தெரிந்தாக வேண்டும். முறையான காலண்டர் அச்சிடும் உரிமை ஒரு சிலருக்குத்தான். அதனால் வசதியும் ரசனையும் உள்ளவர்கள், பெண்ணின் இடைக்கச்சையிலோ அங்கியின் பூவேலையிலோ மாத எண்களை ஒளித்து வைத்த படங்களை அடித்துப் புத்தாண்டில் நண்பர்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். யாருடையது நேர்த்தி என்ற போட்டியில் செலவைப் பார்க்கவில்லை. அவர்களுக்காக சுசுகி ஹருனொபு வரைந்த படங்களில்தான் நிறம் மேல் நிறமாகப் பல பலகைகள் வந்தன. பதிப்பாளர்கள் அந்தப் பலகைகளை வாங்கி, எண்களை நீக்கிவிட்டு, பொதுமக்களுக்கு விற்றார்கள். நிஷிகி-எ, அதாவது பட்டுச் சரிகைப் படம், என்று பெயர் வைத்தார்கள்.

அந்த நிறங்களைத் தனித்தனியாகச் சொன்னால் பாதி நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பவை. கறுப்புக்குப் புகைக்கரியும் வச்சிரமும். மஞ்சளுக்கு மஞ்சள் கிழங்கு, அரிதாரம். சிவப்புக்குக் குசும்பப்பூ, ஆரஞ்சுக்கு ஈயச் செந்தூரம். நீலத்துக்கு அவுரி போலச் சாயம் தரும் செடி ஒன்று, ட்சுயுகுசா என்ற பூவின் சாறு. இதில் வேதனை என்னவென்றால், மஞ்சள் கறை பட்ட துணியை வெயிலில் போட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குசும்பப்பூச் சிவப்பும் அப்படித்தான். பூச்சாற்று நீலம் இன்னும் மோசம், சொட்டுத் தண்ணீர் பட்டாலே கரையும். ஆகவே ஹருனொபு படங்களில் நாம் மெச்சும் அந்த மென்மையான மணல் நிற வானம் முதலில் நீலமாகவோ ஊதாவாகவோ இருந்திருக்கலாம். மங்காத படங்களைப் பார்க்க வேண்டுமானால் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஸ்பால்டிங் சகோதரர்கள் 1921இல் கொடுத்த தொகுப்பு இருக்கிறது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். ஒருபோதும் காட்சிக்கு வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். இருட்டில் இருந்ததால் ஊதா ஊதாவாகவே இருக்கிறது. இப்போது கணினித் திரையில் அவற்றைப் பார்க்கலாம்.

வெளிச்சத்துக்கு அசராத நீலம் வெளியிலிருந்து வந்தது. 1700களின் தொடக்கத்தில் பெர்லினில் செய்யப்பட்ட ரசாயன நீலம். ஜப்பானியர்கள் பெர்லின் பெயரைச் சுருக்கி பெரோ என்றார்கள். நாகசாகி துறைமுகம் வழியாக டச்சுக்காரர்களும் சீனர்களும் கொண்டு வந்தார்கள். 1820களின் கடைசியில் விலை இறங்கியதும் பதிப்பாளர்கள் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள். ஹொகுசாயின் 'ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' அந்த நீலத்தை நம்பி வெளிவந்த வரிசை. நன்றாக விற்றதால் முப்பத்தாறு, நாற்பத்தாறு ஆனது. உலகமே அறிந்த பெரிய அலைப் படம் அதில் ஒன்று. எல்லோரும் அலையைப் பார்க்கிறார்கள். அதில் மூன்று படகுகள் இருக்கின்றன, பாருங்கள். துடுப்பைப் பற்றியபடி குனிந்து கிடக்கும் ஆட்கள், புது மீனை அன்றன்றே எடோ சந்தைக்குக் கொண்டு போகும் விரைவுப் படகுக்காரர்கள். அந்தப் படத்தை வாங்கியவர் சாப்பிட்ட மீன், அப்படி ஒரு படகில் வந்ததாக இருக்கலாம்.

மக்கள் இந்தப் படங்களைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டவில்லை. தூணில் ஒட்டினார்கள், தடுப்புத் திரையில் ஒட்டினார்கள், விசிறியாக வெட்டிக் கோடை முழுக்க வீசிக் கிழித்தார்கள். பிள்ளைகள் விளையாட தாயக்கட்டை ஆட்டப் படம் இருந்தது. 1862இல் தட்டம்மை பரவியபோது என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று எழுதிய படங்கள் விற்றன. எனக்கு மிகவும் பிடித்தவை கெளுத்திப் படங்கள். பூமிக்கு அடியில் ஒரு ராட்சசக் கெளுத்தி மீன் இருக்கிறது, காஷிமா கோயில் தெய்வம் அதைக் கல்லால் அழுத்தி வைத்திருக்கிறது, தெய்வம் அசந்தால் மீன் துள்ளும், நிலம் நடுங்கும் என்பது நம்பிக்கை. 1855 நவம்பரில் எடோவில் பெரும் நிலநடுக்கம் வந்தது. சில நாட்களிலேயே கெளுத்திப் படங்கள் தெருவில் விற்றன. ஒன்றில் மக்கள் சேர்ந்து மீனை அடிக்கிறார்கள். இன்னொன்றில் தச்சரும் கூரை வேய்பவரும் மீனுக்கு விருந்து வைக்கிறார்கள். வீடு விழுந்தவனுக்கு அழுகை, வீடு கட்டுபவனுக்குக் கூலி. இதை வெளிப்படையாகச் சொன்னதால் பெரும்பாலான படங்களில் ஓவியர் பெயரும் இல்லை, அனுமதி முத்திரையும் இல்லை. இரண்டு மாதத்துக்குள் அரசாங்கம் தடுத்துவிட்டது.

1790 தொடங்கி தணிக்கை முத்திரை இல்லாமல் படம் வெளியிடக் கூடாது. முன்பு நாட்டை ஆண்ட ஹிதெயோஷியைப் படமாக வரைந்ததற்காக உதாமரோவுக்கு 1804இல் ஐம்பது நாள் கைவிலங்கு போட்டார்கள். இரண்டு வருடத்தில் இறந்தார். 1842இல் ஆடம்பர ஒழிப்பு என்று நடிகர் படம் கூடாது, பரத்தையர் படம் கூடாது, நிறம் ஏழெட்டுக்கு மேல் போகக் கூடாது, விலை பதினாறு மோனுக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். நடிகர் படத்துக்கான தடை பிறகு தளர்ந்தாலும், என் படத்தில் உள்ள புலி முத்திரை அந்தக் கெடுபிடியின் மிச்சம்தான். நமக்கு அது தேதி சொல்கிறது.

உதாமரோவின் பெண்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை. யோஷிவாரா அழகிகள் புதுப்புது அங்கியில் நிற்கும் படங்கள் ஒருவகையில் விளம்பரம். துணி வியாபாரிக்கும் விடுதிக்காரருக்கும் அதில் லாபம் இருந்தது. அகழி சூழ்ந்த அந்தப் பேட்டைக்குள் ஏழெட்டு வயதில் விற்கப்பட்டு வந்த சிறுமிகள்தான் வளர்ந்து அந்தப் படங்களில் நிற்கிறார்கள். அங்கிக்கும் சீப்புக்கும் ஆன செலவு அவர்கள் கணக்கில் கடனாக ஏறும். பலர் இளம் வயதில் இறந்தார்கள். கேட்க ஆளில்லாதவர்களை மினோவாவில் உள்ள ஜோகன்ஜி கோயிலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். 'வீசியெறியும் கோயில்' என்றே அதற்கு ஊர் வைத்த பெயர். மகளோடு அங்கே போனேன். அவர்களுக்கான நினைவுக் கல்லின் முன்னால் சீப்பும் உதட்டுச் சாயமும் யாரோ வைத்திருந்தார்கள். அந்தப் படங்களின் கோடு அழகுதான். அதைப் பார்க்கும்போது இதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

அலைப் படத்தின் ஒரு படி 2023 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் 27 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஆயிரக்கணக்கில் அச்சானதில் இன்று இருப்பதாக அறியப்பட்டவை நூற்றுக்குச் சற்று மேல். எது முதலில் அடித்தது, எது பிறகு அடித்தது என்று கண்டுபிடிக்க வல்லுநர்கள் அலையைப் பார்ப்பதில்லை, மேல் மூலையில் தலைப்பைச் சுற்றியுள்ள கட்டத்தைப் பார்க்கிறார்கள். பலகை தேயத் தேய அந்தக் கட்டத்தின் கோடு அங்கங்கே விட்டுப்போகும். பிளேட் தேய்ந்ததை நாங்கள் கண்டுபிடிப்பதும் இப்படித்தான்.

நான் வாங்கிய படம் இப்போது வீட்டில் ஒரு அட்டைப் பெட்டிக்குள் இருக்கிறது. சட்டம் போட்டு ஹாலில் மாட்டச் சொல்கிறாள் மகள். வெளிச்சம் படும் என்று மறுத்துவிட்டேன். காலையில் ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ச் சற்றே சாய்த்தால், வெறும் கறுப்பு என்று நினைத்த அங்கியில் கட்டம் கட்டமாக ஒரு நெசவுக் கோலம் பளபளக்கும். அடியில் செதுக்கிய பலகையை வைத்து, காட்டுப்பன்றித் தந்தம் போன்ற வழவழப்பான ஒன்றால் முன்பக்கம் தேய்த்து எடுப்பது. நேராகப் பார்த்தால் தெரியவே தெரியாது. பதினாறு காசுப் படத்துக்கு இதைச் செய்திருக்கிறார்கள்.

கையெழுத்து தொயோகுனி என்று இருக்கிறது, குனிசாதா என்ற ஓவியர் தன் ஆசானிடமிருந்து எடுத்துக்கொண்ட பெயர். ஓரத்தில் அரிசி அளவு மஞ்சள் கட்டத்துக்குள் இரண்டு எழுத்து: ஹோரி தாகெ. ஹோரி என்றால் செதுக்கு. தாகெ, யோகோகாவா தாகெஜிரோ. 1850களில்தான் செதுக்குநர்கள் இப்படிப் பெயர் போடுவது பரவலானது. அச்சடித்தவர் பெயர் எங்கும் இல்லை. நடிகரின் கீழுதட்டில் சிவப்பு ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளியிருக்கிறது. என் மெஷினில் அந்த விலகல் கண்ணில் பட்டால் உடனே நிறுத்துவேன். அவரும் பார்த்திருப்பார். கென்தோ வெட்டில் மரச்சீவல் ஒன்றை வைத்து ஒட்டிவிட்டு, அடுத்த தாளை எடுத்திருப்பார்.